சமவெளிக்கும் மலைக்கும் கோடை வானிலை
(சங்க அங்கத்தினர் கூட்டங்களில் வாசிப்பதற்குரிய பிரசங்கம்)



மாசி கழிந்து பங்குனி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டுச் சங்கங்களின் திண்ணைகளில் ஒரே பேச்சுத்தான். இவ்வருஷம் வெயில் எப்படி இருக்கும், கோடை மழை உண்டா இல்லையா என்பதே அது. இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. சென்ற ஆவணியில் சங்கத்தில் கடன் வாங்கி வாழை நட்டவருக்கு இப்பொழுது தார் தள்ளும் காலம். மானாவாரிக் காடு வைத்திருப்பவருக்கு விதை வாங்கும் காலம். மலைமேல் கார்போக உருளைக்கிழங்குக்கு நிலம் திருத்தும் காலம். வாய்தா தவறாமல் பயிர்க் கடனைக் கட்டுவோருக்கு வட்டி இல்லையென்பதும், தவறினவருக்கு வட்டி உண்டென்பதும் யாவரும் அறிந்தது. ஆகவே சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம் அடிக்கும் காற்று சங்கத்தின் பேரேடு வரைக்கும் வந்து சேருகிறது.

இந்தக் கேள்விக்கு இந்திய வானிலைத் துறையார் வருஷந்தோறும் விடை வெளியிடுகிறார்கள். பிப்ரவரி முடிவில் மார்ச்சு முதல் மே வரைக்கும், மார்ச்சு முடிவில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கோடைக் குறிப்பு வருகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு ஏப்ரல் மாதத்தில் தனிக் குறிப்பு உண்டு. பத்திரிகைகளில் இது இரண்டு வரியாகச் சுருங்கி வெளிவரும். அதைப் படித்துச் சிலர் முழுவதும் நம்பிவிடுகிறார்கள். சிலர் நகைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டினாலும் நஷ்டமே. குறிப்பு என்ன சொல்லுகிறது, என்ன சொல்லவில்லை என்று அறிந்து படிப்பவருக்கே அது உதவும்.

வானிலைத் துறை 1875-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் முதல் தலைவரான பிளான்போர்டு துரை, இமயமலையில் விழும் பனியின் அளவைக்கொண்டு பருவமழையை ஊகித்து 1886-ம் வருஷத்தில் முதல் பருவக் குறிப்பை வெளியிட்டார். இந்நாளில் கடல் நீரின் உஷ்ணமும், மேற்காற்றும், பெரிய கணக்கு இயந்திரங்களும் அவ்வேலைக்கு வந்துவிட்டன. ஆனாலும் குறிப்பின் சுபாவம் மாறவில்லை. அது ஜோசியம் அன்று, வாய்ப்பின் கணக்கு.

அந்தக் கணக்கை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். கடந்த பல வருஷங்களின் மழையைக் குறைந்ததிலிருந்து கூடினது வரை வரிசையாக வைத்து மூன்று சமபாகமாகப் பிரிக்கிறார்கள். குறைவு, வழக்கம், அதிகம் என்பன அம்மூன்று பாகங்கள். ஒன்றும் தெரியாதபோது ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு முப்பத்துமூன்று வாய்ப்பு. குறிப்பில், ‘அதிக மழைக்கு வாய்ப்பு மிகுதி’ என்று வந்தால், அந்த முப்பத்துமூன்று நாற்பத்தைந்தாகவோ ஐம்பத்தைந்தாகவோ ஏறியிருக்கிறது என்பதே பொருள். மீதி வாய்ப்பு அப்படியே நிற்கிறது. நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்பதை நம்பி வீட்டிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் மண்ணில் போடுகிறவர், மீதி நாற்பத்தைந்தைக் கணக்கில் சேர்க்க மறந்தவராவார்.

இனி இந்தத் தேசத்தின் அமைப்பைப் பார்க்கவேண்டும். குறிப்புடன் வரும் வர்ணப் படத்தில் தமிழ்நாடு ஒரு கையகலம்கூட இராது. அதிலே கோயம்புத்தூரும் திருப்பூரும் ஈரோடும் நீலகிரியும் சேர்ந்து ஒரு கட்டைவிரல் நகத்தளவு. அந்த நகத்துக்குள்ளே மேட்டுப்பாளையமும் இருக்கிறது, உதகமண்டலமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மலை ரயில் ஓடும் தூரம் 46 கிலோமீட்டர்தான். உயரமோ 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. எனவே மேட்டுப்பாளையத்தில் வியர்த்து விறுவிறுக்க வண்டி ஏறினவர் உதகையில் இறங்கும்போது பன்னிரண்டு டிகிரி குறைவான காற்றில் நிற்கிறார். ‘கோடை உஷ்ணம் வழக்கத்தைவிட அதிகம்’ என்ற ஒரே வாக்கியம் இவ்விரு இடத்தார்க்கும் ஒரே அர்த்தத்தைக் கொடுக்குமா?

துறையாரும் இதை அறிந்தே வெப்ப அலைக்கு இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். சமவெளியில் பகல் உஷ்ணம் 40 டிகிரியையாவது எட்டவேண்டும்; மலையில் 30 டிகிரி எட்டினால் போதும். அதனுடன் வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். அளவு நியாயமானதே. ஆனால் எந்த அளவிலும் ஓர் ஓட்டை உண்டு. 2024-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவாயிற்று. இது வழக்கத்தைவிட ஐந்து டிகிரிக்குமேல் அதிகம். 1951-ம் வருஷத்திலிருந்து அவ்வளவு வெயில் அங்கே கண்டதில்லை. அப்படியிருந்தும் முப்பதைத் தொடவில்லையாதலால் விதிப்படி அது வெப்ப அலையாகாது. தேயிலைச் செடிக்கும் முட்டைக்கோஸ் பாத்திக்கும் இந்த விதி தெரியாது. மலைச் சங்கத்தார் ‘வெப்ப அலை எச்சரிக்கை வரவில்லையே’ என்று இருந்துவிடாமல், வழக்கத்தைவிட எத்தனை டிகிரி கூடியிருக்கிறது என்பதையே கவனிக்கவேண்டும்.

சமவெளியிலும் ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. கத்திரி வெயில் என்று பஞ்சாங்கத்தில் குறித்திருக்கும் மே முதல் வாரம் தொடங்கி மே கடைசி வாரம் வரையுள்ள நாட்களே வருஷத்தின் உச்ச வெயில் என்பது அந்த எண்ணம். சென்னைக்கும் கீழ்க்கடற்கரைக்கும் அது ஒருவாறு பொருந்தும். கோயம்புத்தூருக்குப் பொருந்தாது. இங்கே சராசரிப் பகல் உஷ்ணம் மிகுந்த மாதம் ஏப்ரல். அப்பொழுது சுமார் 36 டிகிரி. மே மாதத்தில் கோடை மழையும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றும் சேர்ந்து அதைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே கிணற்றில் ஊற்று வற்றுவதும், தென்னையில் குரும்பை கொட்டுவதும் பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதலிலுமே உச்சம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மட்டையும் உரிமட்டையும் பரப்பி வேர்ப்பாத்தியை மூடுவதற்குக் கத்திரி பிறக்கட்டும் என்று காத்திருப்பாரானால், வேண்டிய காலம் கடந்தபின் வேலை செய்தவராவார்.

கோடை மழை எப்படி உண்டாகிறதென்று தெரிந்துகொண்டால் குறிப்பின் வார்த்தைகள் தாமே விளங்கும். காலையிலிருந்து வெயில் காய்ந்து நிலமும் மலைச்சரிவும் சூடேறுகின்றன. அவற்றையொட்டிய காற்று இலேசாகி மேலே எழும்புகிறது. மேற்கே அரபிக் கடலின் ஈரக்காற்று, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவேயுள்ள சுமார் 30 அல்லது 40 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் வழியாக உள்ளே வருகிறது. கிழக்கே வங்கக் கடலின் காற்றும் வருகிறது. இரண்டும் சந்திக்கும் வரிசையில் மத்தியானத்துக்குமேல் மேகம் கோபுரம்போல் கிளம்பி, சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கொட்டுகிறது. இந்த மேகத்தின் அகலம் சில மைல்தான். மாட்டின் ஒரு கொம்பு நனைய மறு கொம்பு காயும் என்று குடியானவர்கள் சொல்வது இந்த மழையைத்தான்.

சென்னை மண்டல வானிலை நிலையத்தார் தினக்குறிப்பில் போடும் சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மழை கிடைக்கும். ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரைக்கும். ‘பல இடங்களில்’ என்றால் முக்கால் பாகம் வரைக்கும். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’ என்று படித்துவிட்டுத் தன் காட்டில் ஒரு சொட்டும் விழவில்லையென்று ஏசுகிறவர், நாலில் மூன்று பேர் தம்முடன் நனையாமல் நின்றார்கள் என்பதை நினைப்பதில்லை. அவ்வாறே கோயம்புத்தூர் ஜில்லாவின் மலைப்பகுதி என்று குறிப்பில் கண்டால் அது வால்பாறைப் பக்கத்தைச் சேர்ந்தது. சூலூர்க்காரர் அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளலாகாது.

2024-ம் வருஷத்துக் கோடையை இன்னும் சிறிது விவரமாகச் சொல்லுவது நலம். அவ்வருஷம் பசிபிக் சமுத்திரத்தின் நீர் சூடேறியிருந்தது. இதை எல் நினோ என்பார்கள். வெப்ப அலை நாட்கள் வழக்கத்தைவிட மிகுதியாக இருக்கும் என்று ஏப்ரல் முதல் தேதியன்றே குறிப்பு வந்தது. அப்படியே ஏப்ரல் மாதம் மழையின்றிக் காய்ந்தது. ஈரோட்டில் உஷ்ணம் 42 டிகிரியைத் தாண்டிற்று. அதற்கு முந்திய மாதமே குன்னூர் வனத்தில் பற்றிய தீயை அணைக்க, ரேலியா அணையிலிருந்து ஆகாய விமானப் படையின் ஹெலிகாப்டர் தண்ணீர் மொண்டு கொட்டவேண்டி வந்தது. உதகையில் முன் சொன்ன 29 டிகிரி. இவற்றைக் கண்டு கோடை மழை பொய்த்தது என்று முடிவு கட்டினவர் அநேகர். மே மாதம் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மே 18 முதல் 20 வரை உல்லாசப் பிரயாணிகள் நீலகிரிக்கு வரவேண்டாம் என்று ஜில்லா நிர்வாகத்தார் கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. மண்ணும் பாறையும் சரிந்து மலை ரயிலும் நின்றது. ஒரே கோடையில், மூன்று வாரத்துக்குள், அதே மலையில் நடந்தது இது. மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் இந்த இரண்டு துன்பமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ‘வழக்கம்போல் மழை’ என்று ஏட்டில் ஏறிவிடக்கூடும்.

இதிலிருந்து சங்கத்தார் அறியவேண்டியது, பருவக் குறிப்பைக் கொண்டு செய்யத்தக்க காரியம் வேறு, தினக்குறிப்பைக் கொண்டு செய்யத்தக்க காரியம் வேறு என்பதே. பணம் ஒதுக்குவதும், கம்பு கயிறு வாங்கி வைப்பதும், எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன் என்று யோசிப்பதும் பருவக் குறிப்பைப் பார்த்து. விதைப்பதும், மருந்து தெளிப்பதும், உரம் போடுவதும் தினக்குறிப்பையும் தன் நிலத்து ஈரத்தையும் பார்த்து. கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையாரின் வானிலைக் குறிப்பு வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதில் அடுத்த ஐந்து நாளைக்கு மழை, உஷ்ணம், காற்று எல்லாம் கண்டிருக்கும். மேகதூத் என்னும் செயலி வழியாகக் கைபேசியிலேயே தமிழில் பார்க்கலாம். சங்கக் காரியதரிசி அதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுவதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

வாழை விஷயத்துக்கு வருவோம். கோடை மேகத்தில் மழைக்கு முன் வருவது காற்று. மேலே குளிர்ந்த கனமான காற்று மேகத்தின் அடியிலிருந்து பொத்தென்று விழுந்து நாலாபக்கமும் பரவுகிறது. மழைத்துளி விழுவதற்குமுன் புழுதியை வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று கால் மணி நேரம் அடித்தால் போதும். ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் மரம் வைத்த நேந்திரன் தோட்டத்தில் தார் சுமந்து தலைகனத்த மரங்களே முதலில் சாயும். தார் தள்ளாத இளமரம் பிழைத்துக்கொள்ளும். பத்து மாதம் தண்ணீரும் உரமும் கூலியும் கொடுத்து வளர்த்தது, அறுவடைக்கு நாற்பது நாள் இருக்கையில் தரையில் கிடக்கும். அந்தத் தாருக்குச் சந்தையில் விலை ஏது?

இதற்குப் பருவக் குறிப்பு உதவாது. மழை குறைவான வருஷத்திலும் ஒரு புயற்காற்று வரலாம். ஒரு தோட்டத்தைக் கெடுக்க ஒரு காற்றே போதுமானது. குறிப்பு எதுவாயினும் முட்டுக்கொடுப்பது கட்டாயச் செலவு என்று கொள்ளவேண்டும். இங்கே ஐக்கியத்துக்கு வேலையிருக்கிறது. ஒவ்வொருவரும் மே மாதத்தில் மேகத்தைக் கண்டபின் ஓடினால் சவுக்குக் கம்பும் தைலமரக் கம்பும் யானை விலை, குதிரை விலை சொல்லுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து தை மாதத்திலேயே ஒரு லாரியாக எடுத்தால் செலவு இறங்கும். கம்பு மூன்று நாலு கோடைக்கு உழைக்கும். பயிர்க் கடன் மனுவை வாங்கும்போதே முட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கத்தினர் அதற்காக வெளியே கைமாற்று வாங்க நேராது. முட்டில்லாமல் நிற்கும் தாரின்மேல் கொடுத்த கடன், பேரேட்டில் எப்படி எழுதியிருந்தாலும் காற்றின்மேல் கொடுத்த கடனே.

பயிர் இன்ஷியூரன்ஸில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, நீர் தேங்குதல் முதலியவற்றால் தனி வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. காற்றினால் சாய்ந்த வாழைக்கு எந்த நிபந்தனையின்பேரில் ஈடு கிடைக்கும் என்பதை அந்தப் பருவத்து அறிவிப்பில் படித்து, பிரீமியம் கட்டுமுன்னரே கேட்டுத் தெளிவது நல்லது. மரம் விழுந்தபின் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ருசிப்பதில்லை.

மானாவாரிக்காரரின் சங்கடம் வேறுவிதம். சித்திரையில் ஒரு நாள் அரைமணி நேரம் மழை கொட்டி மண்வாசனை எழும்பிவிட்டால் கை சும்மா இராது. மறுநாளே சோளத்தையோ நிலக்கடலையையோ போட்டுவிடத் தோன்றும். மேல்மண் மட்டும் நனைந்து உள்ளே புழுதியாயிருக்கும் நிலத்தில் விதை முளைத்து, பத்து நாள் வெயிலில் கருகும். பிறகு விதைக்கு மறு கடன். முதல் கோடை மழை விதைப்புக்குரியதன்று, உழவுக்குரியது. கோடை உழவு கோடி நன்மை என்ற பழமொழி எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் செய்கிறவர்தான் குறைவு. சரிவுக்குக் குறுக்கே உழுத நிலம் அடுத்த மழையை ஓடவிடாமல் குடிக்கும். மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். விதைப்புக்கு வேண்டிய ஈரம் இருக்கிறதா என்பதை ஒரு மண்வெட்டி சொல்லிவிடும். செம்மண்ணில் மழை ஆழமாக இறங்கும், சீக்கிரம் உலரும். கரிசலில் மெதுவாக இறங்கும், நெடுநாள் நிற்கும். ஒரு சாண் ஆழத்துக்கு மண் கையில் உருண்டு நிற்கவேண்டும். அதற்குமேல் தினக்குறிப்பில் பின்மழைக்கும் இடமிருக்கவேண்டும்.

மலைமேல் இருப்பவருக்குக் கோடை மழை வேறு முகம் காட்டுகிறது. மார்ச்சு மாத வறட்சியில் தேயிலையில் செஞ்சிலந்தி பெருகும். ஒரு நல்ல மழை அதைக் கழுவிவிட்டுக் கொழுந்தையும் தள்ளும். அந்த மழைக்காகவே கார்போகக் கிழங்குக்காரரும் காத்திருக்கிறார். ஆனால் சரிவில் பொடியாகக் கொத்தி வைத்திருக்கும் பாத்தியின்மேல் கனமழை விழுந்தால், கிழங்குக்கு முன் மண் கீழே போய்விடும். குறுக்கு வரப்பும் வடிகாலும் மழைக்குமுன் எடுத்திருக்கவேண்டும். வேலிக் குப்பையையும் காய்ந்த சருகையும் தீயிட்டுக் கொளுத்துவது மார்ச்சு, ஏப்ரலில் கூடவே கூடாது. மலைச்சரிவில் காற்றோடு சேர்ந்த தீ கொளுத்தினவர் எல்லைக்குள் நிற்பதில்லை.

மின்னலைப்பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் ஆளை அடிக்கும் இடி பெரும்பாலும் மத்தியானத்துக்குமேல், திறந்த காட்டில் ஆடுமாடு மேய்ப்போர் தலையிலும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கினவர் தலையிலும் விழுகிறது. தாமினி என்னும் செயலி 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றுக்குள் மின்னலிருப்பதைக் காட்டும். செயலி இல்லாதவர் இடிச்சத்தம் காதில் விழுந்தவுடனே கூரையுள்ள வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

கோடைக் குறிப்புக்குப் பின் பருவமழைக் குறிப்பு வரும்போது இன்னொரு மயக்கம் உண்டாகிறது. 2024 ஏப்ரலில், தேசம் முழுமைக்கும் நூற்றுக்கு 106 பங்கு மழை என்றார்கள். 108 பங்கு பெய்தது. குறிப்பு மெய்யாயிற்று. ஆனால் அந்தத் தென்மேற்கு மழையில் பாலக்காட்டார் பெறுவதில் கோயம்புத்தூரார் பெறுவது சொற்பம். கணவாய் வழியாக இப்பக்கம் வருவது பெரும்பாலும் காற்றும் தூறலுமே; மழையை மலைகள் வாங்கிக்கொள்கின்றன. கோயம்புத்தூர்ச் சமவெளியின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஐந்தில் ஒரு பங்கு கோடையில் வருவது. இப்படியிருக்க, தேசத்துக்கு நல்ல மழை என்ற செய்தியைப் பல்லடத்து மானாவாரிக்காரர் தம் காட்டுக்கு வரும் மழையாக எண்ணிக் கடன் கேட்பது பொருந்தாது. பவானிசாகர் பாசனத்தாருக்கோ அதே செய்தி பொன்னான செய்தி. நீலகிரியில் விழும் மழைதான் பவானியாக இறங்கி அவர்கள் வாய்க்காலில் ஓடுகிறது. ஒரே சங்கத்தில் இவ்விருவகை அங்கத்தினரும் இருந்தால், பஞ்சாயத்தார் இருவர் மனுவையும் ஒரே கண்ணால் பார்க்கலாகாது.

கடைசியாக ஒரு சிறு வேலை. எத்தனை குறிப்பு வந்தாலும் ஒரு கிராமத்தில் விழுந்த மழையை அந்தக் கிராமத்தில்தான் அளக்கமுடியும். ஒவ்வொரு சங்கக் கட்டடத்தின் வெளியிலும் ஒரு மழைமானி வைக்கத் தகும். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி, திறந்த வெளியில், மட்டமாக நிறுத்தவேண்டும். காலை எட்டரை மணிக்கு அளந்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதவேண்டும். மழையில்லாத நாளுக்குச் சுழியம் போடவேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பின்னால் பார்ப்பவருக்கு மழை இல்லையா, ஆள் இல்லையா என்று விளங்காது. பத்து மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு நாற்பதினாயிரம் லிட்டர் தண்ணீர். இதை அங்கத்தினர்க்குச் சொன்னால் அந்தச் சிறு எண்ணில் அவர்களுக்கு அக்கறை பிறக்கும். மலையடிவாரத்துச் சங்கமும் சமவெளிச் சங்கமும் மாதம் ஒருமுறை நோட்டுகளை ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து கோடை எழுதிய நோட்டு ஒன்று கையில் இருந்தால், ‘இவ்வூரில் விதைப்புக்கேற்ற மழை சித்திரையில் எத்தனை தடவை வந்தது’ என்று கேட்கும் புது அங்கத்தினருக்குக் காரியதரிசி ஏட்டைத் திருப்பிக் காட்டலாம். பங்குனி முடிவதற்குள் மழைமானியை நிறுத்திவிட்டால் இந்தக் கோடையே முதல் பக்கமாக இருக்கும்.